கடைசி இரண்டு மைலில் முள் ஏன் துள்ளுகிறது?

கேள்வி: வணக்கம் சார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் தூக்கம் வரும்வரை சிமுலேட்டரில் செஸ்னா 172 ஓட்டுவேன். பினாங்கு 04 ஓடுபாதைக்கு ஐஎல்எஸ், அதாவது ரேடியோ அலை காட்டும் இறங்குவழியைப் பிடித்து வரும்போது பத்து மைலிலிருந்து ஐந்து மைல் வரை, இடவலம் காட்டும் நிற்கும் முள், உயரம் காட்டும் படுத்த முள் இரண்டும் சொன்னபடி கேட்கின்றன. அப்புறம் ஆட்டம் ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு மைலில் வலது பக்கம் திருத்தினால் முள் இடது பக்கம் ஓடிவிடுகிறது, படுத்த முள்ளோ தரையைத் தொடும்வரை மேலும் கீழும் அடிக்கிறது. விஓஆர் என்ற இன்னொரு ரேடியோ வழிகாட்டியைப் பிடித்து வரும்போது இந்தத் தொல்லை இல்லை. 350 வெள்ளிக்குப் புது ஜாய்ஸ்டிக் வாங்கியும் அதே கதைதான். சீனரி ஃபைலில் லோக்கலைசர் (நிற்கும் முள்ளை ஆட்டும் அலைக் கற்றை) அகலம் என்று ஒரு எண் இருக்கிறது, அதைக் கூட்டிவிட்டால் முள் அடங்கும் என்று நண்பர் சொல்கிறார். கூட்டலாமா? இன்னொன்று, 737 ஓட்டும்போது முள் நடுவுக்கு வந்ததும் திடீரென்று இரண்டு மடங்கு துள்ளுகிறதே, அது கோளாறா?

பதில்: வணக்கம். முதலில் அந்த ஃபைலை மூடி வையுங்கள், எதையும் கூட்ட வேண்டாம். உங்கள் சிமுலேட்டரிலும் கோளாறு இல்லை, ஜாய்ஸ்டிக்கிலும் இல்லை. பழைய ஜாய்ஸ்டிக்கே போதுமாக இருந்திருக்கும், அந்த 350 வெள்ளியை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் நான் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி கொடுக்கும் மாணவர்களில் அநேகமாக எல்லோரும் இதே இடத்தில், இதே இரண்டு மைலில்தான் முதல் மாதம் திணறுவார்கள். நீங்கள் தனியாக உட்கார்ந்து பழகி அதே இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்றால், அதுவரைக்கும் சரியாக ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நீங்கள் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள் என்று அந்த முள்ளுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது கோணம் மட்டும்தான். ஓடுபாதையின் மறுமுனைக்கும் அப்பால் நிற்கும் லோக்கலைசர் ஆண்டெனா வரிசையிலிருந்து இரண்டு அலைகள் வருகின்றன. இறங்கி வருபவருக்கு இடது பக்கம் 90 ஹெர்ட்ஸ் ஓங்கியிருக்கும், வலது பக்கம் 150 ஹெர்ட்ஸ் ஓங்கியிருக்கும், நடுக்கோட்டில் இரண்டும் சமம். ரிசீவர் செய்வதெல்லாம் இந்த இரண்டில் எது எவ்வளவு அதிகம் என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை முள்ளுக்கு மின்னோட்டமாக அனுப்புவதுதான். 150 மைக்ரோ ஆம்பியர் போனால் முள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் எலெக்ட்ரானிக்ஸ் ஆள், மீட்டர் முள்ளை ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள், இதுவும் அப்படி ஒரு மீட்டர்தான்.

கூம்பாகச் சுருட்டிய கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் அகலம், அடி கூர். பத்து மைலில் நீங்கள் அந்தப் பொட்டலத்தின் வாயில் இருக்கிறீர்கள், தாராளமாகப் புரளலாம். கிட்ட வர வர சுவர் இரண்டு பக்கமும் நெருங்கி வருகிறது. விமானம் எப்போதும்போலத்தான் பறக்கிறது, நீங்கள் செய்யும் பிழையும் அதே அளவுதான், ஆனால் அதே பிழை இப்போது முள்ளில் பெரிதாகத் தெரிகிறது.

விஓஆரிலும் கோணம்தான், ஆனால் அங்கே முள் ஓரத்துக்குப் போக 10 டிகிரி விலக வேண்டும். ஐஎல்எஸ்ஸில் அதே முள், அதே கண்ணாடிக்குள், சுமார் 2.5 டிகிரியிலேயே ஓரத்துக்குப் போய்விடும், நீளமான ஓடுபாதை என்றால் இன்னும் குறைவாக. ஏறக்குறைய நான்கு மடங்கு கூர்மை. ஜிபிஎஸ் வழியில் முழு அளவு (முள் ஓரத்தைத் தொடும் விலகல்) என்பது கடல் மைல் கணக்கு, விமான நிலையத்தை நெருங்கும் பகுதியில் பக்கத்துக்கு ஒரு மைல், அதனால் அங்கே சுவர் நெருங்கி வருகிற உணர்வே இருக்காது. அதில் பழகிய கண்ணோடு ஐஎல்எஸ்ஸுக்கு வந்தால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஒன்று சொல்ல மறந்துவிடுவேன்: ஐஎல்எஸ் அலைவரிசை வைத்தபிறகு ஓபிஎஸ் திருகை (விஓஆருக்குத் திசை வைக்கும் குமிழை) எவ்வளவு திருப்பினாலும் உங்கள் செஸ்னா முள் அசையாது. திருகி சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஓடுபாதைத் திசையை ஞாபகத்துக்காக அதில் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த அகலம் விஷயம். இதில்தான் உங்கள் நண்பருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நிஜத்தில் லோக்கலைசரின் அகலம் எல்லா ஊரிலும் ஒரே டிகிரி கிடையாது. ஓடுபாதை தொடங்கும் இடத்தில் முள்ளின் முழு அளவு நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்குச் சுமார் 105 மீட்டராக, மொத்தம் 210 மீட்டராக இருக்கும்படி அதைச் சரிசெய்து வைக்கிறார்கள். ஆண்டெனாவோ ஓடுபாதையின் அந்தக் கோடியில் இருக்கிறது. அப்படியென்றால் ஓடுபாதை நீளமாக நீளமாக டிகிரி கணக்கில் கற்றை ஒடுங்க வேண்டும். பினாங்கு ஓடுபாதை 3,300 மீட்டர் சொச்சம். ஆண்டெனாவுக்கு இன்னொரு முன்னூறு மீட்டர் சேர்த்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 1.6 டிகிரி வருகிறது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஓடுபாதைகள் 4,000 மீட்டரை ஒட்டி இருப்பதால் 1.4 டிகிரி வாக்கில் வந்துவிடும். சின்ன ஓடுபாதை உள்ள ஊரில் 2.5-க்கு மேலும் போகலாம், ஆனால் மொத்த அகலம் 6 டிகிரியைத் தாண்டக்கூடாது.

மைக்ரோசாஃப்ட்டின் எஃப்எஸ்எக்ஸ் வழிவந்த சிமுலேட்டர்களில் ஒவ்வொரு ஐஎல்எஸ்ஸுக்கும் அகலம் ஒரு எண்ணாக எழுதப்பட்டிருக்கும், பல இடங்களில் 5 டிகிரி என்று போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஃபிளைட்கியர் மாதிரி சிலவற்றில் ஓடுபாதை நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டு 3 முதல் 6 டிகிரிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். உங்களுடையதில் மொத்தம் 5 டிகிரி, அதாவது பக்கத்துக்கு 2.5 இருந்தால், பினாங்கில் ஓடுபாதை தொடங்கும் இடத்தில் முழு அளவு பக்கத்துக்கு 105 மீட்டருக்குப் பதில் கிட்டத்தட்ட 160 மீட்டர். கூர்மை அதிகம் என்று நீங்கள் நினைக்கிற அந்த முள் நிஜத்தைவிட மந்தமாக இருக்கிறது! அதை இன்னும் அகலமாக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முள் நடுவில் நிற்கும், முன்னால் பார்த்தால் ஓடுபாதை பக்கத்தில் கிடக்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. விமானத்தை 04 ஓடுபாதையின் தொடக்கத்தில், நடுக்கோட்டின்மேல் நிறுத்தி, ஐஎல்எஸ் அலைவரிசையை வையுங்கள். முள் நட்டநடுவில் நிற்க வேண்டும். அப்புறம் மெதுவாக நகர்த்தி, சக்கரம் புல்லில் இறங்காமல் ஓடுபாதையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள், அதாவது நடுவிலிருந்து 22 மீட்டர் போல. முள்ளைப் பாருங்கள். வட்ட முகப்பு வைத்த கருவியில் நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதன் ஓரம்தான் முதல் புள்ளி, ஐந்தாவது புள்ளி முழு அளவு. நிஜ அளவில் ஒரு புள்ளி இங்கே 21 மீட்டர், ஆகவே முள் அந்த வட்டத்தின் ஓரத்தைத் தொட்டு நிற்க வேண்டும். வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் உங்கள் சிமுலேட்டர் தாராளமாக அளந்திருக்கிறது. உங்களுடையது கண்ணாடித் திரை செஸ்னா என்றால் பக்கத்துக்கு இரண்டே புள்ளிதான் இருக்கும், அதற்குத் தகுந்தபடி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நிற்கும் முள்ளைப் பற்றிப் பேசியாயிற்று. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது படுத்த முள். “தரையைத் தொடும்வரை மேலும் கீழும் அடிக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முள்ளும் ஒரே மாதிரி கெடுவதில்லை. லோக்கலைசர் பொட்டலத்தின் கூர் ஓடுபாதையின் அந்தக் கோடியில் இருக்கிறது, நீங்கள் தரையிறங்கும்போதும் அதற்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். படுத்த முள்ளுக்கு அலை அனுப்பும் கிளைட் ஸ்லோப் ஆண்டெனா நிற்பதோ சக்கரம் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், ஓடுபாதைத் தொடக்கத்திலிருந்து முன்னூறு மீட்டர் போல உள்ளே. அந்தப் பொட்டலத்தின் கூருக்குள்ளேயே நீங்கள் போய் இறங்குகிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். பினாங்கு அளவில் லோக்கலைசரின் ஒரு புள்ளி பத்து மைலில் 128 மீட்டர், இரண்டு மைலில் 42, ஒரு மைலில் 32. நான்கில் ஒன்றாகக் குறைகிறது, அவ்வளவுதான். 3 டிகிரி கிளைட் ஸ்லோப்புக்கு முழு அளவு மேலே 0.7, கீழே 0.7 டிகிரி. அதில் ஒரு புள்ளி பத்து மைலில் 46 மீட்டர், இரண்டு மைலில் 10, ஒரு மைலில் வெறும் 5 மீட்டர். 200 அடி உயரத்தில் நீங்கள் இருக்கும்போது ஒரு புள்ளி என்பது 3 மீட்டர். செஸ்னாவின் உயரமே 2.7 மீட்டர்! அந்த இடத்தில் முள் ஒரு புள்ளி தாண்டினால் பதறிப்போய் மூக்கைத் தூக்கினால், தூக்கிய அளவு மூன்று மீட்டருக்கு எவ்வளவோ மேலே போய்விடும், முள் அந்தப் பக்கம் பாயும், நீங்கள் மறுபடி அமுக்குவீர்கள். முள் அடிக்கவில்லை, உங்கள் கை அடிக்கிறது, முள் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே முள்ளைத் துரத்தாதீர்கள். இது பயிற்சியாளர்கள் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் துரத்தாமல் வேறு எதைப் பிடிப்பது என்று சொல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. பிடிக்க வேண்டியது இரண்டு எண்கள். ஒன்று ஹெடிங், அதாவது மூக்கு நோக்கும் திசை, இன்னொன்று நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குகிறோம் என்பது.

இறங்கும் வேகத்துக்குச் சுலபமான வழி: தரை வேகத்தைப் பாதியாக்கி ஒரு சைபர் சேருங்கள். 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) என்றால் 450 அடி. கறாராகப் பார்த்தால் 478 வரும், நடுவில் எங்கேயாவது வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று 10 நாட் இருந்தால் தரை வேகம் 80, அப்போது 400 சொச்சம். படுத்த முள் நடுவுக்கு இறங்கி வரும்போது பவரைக் குறைத்து இந்த எண்ணைப் பிடித்து, கை பிடிக்காமலே மூக்கு அப்படியே நிற்கும்படி டிரிம் செய்து, கையை ஜாய்ஸ்டிக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். உண்மையாகவே எடுத்துவிடுங்கள். விமானம் தானாக அந்த வேகத்தில் இறங்க வேண்டும். சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் விடுகிற பெரிய தப்பு இதுதான், ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கைக் கொஞ்சம் அமுக்கிப் பிடித்தபடியே பத்து மைலும் ஓட்டுவார்கள், கை அசந்த நொடியில் மூக்கு எழும்பும். மூக்கு ஒரு டிகிரி அசைந்தாலே 90 நாட்டில் நிமிடத்துக்கு 150 அடி மாறும். டிரிம் பட்டனை ஜாய்ஸ்டிக்கிலேயே வைத்து, ஒரு தட்டுக்குக் கொஞ்சமாக மாறும்படி அமைத்துக்கொள்ளுங்கள். டெட் ஸோனை மிகக் குறைத்து வையுங்கள், அது பெரிதாக இருந்தால் கொஞ்சம் தள்ளினால் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் தள்ளினால் நிறைய நடக்கும்.

ஹெடிங்குக்கு வருவோம். 90 நாட்டில் விமானம் நொடிக்கு 46 மீட்டர் போகிறது. திசை 5 டிகிரி தப்பினால் பக்கவாட்டில் நொடிக்கு 4 மீட்டர் நகர்கிறீர்கள். பத்து மைலில் முள் ஒரு புள்ளி போக அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், ஒரு மைலில் எட்டே நொடி. உங்கள் பிரச்சினை மொத்தமும் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. வெளியே அரை நிமிடம் கொடுத்துத் திருத்திப் பழகிய கை, உள்ளே எட்டு நொடியில் அதே அளவு திருத்துகிறது. அதனால் ஐந்து மைலுக்கு வெளியே இருக்கும்போதே, எந்த ஹெடிங்கில் முள் அசையாமல் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். முள் நடுவில்தான் நிற்க வேண்டும் என்றில்லை, நகராமல் நின்றால் போதும். கடல் பக்கக் காற்றுக்கு அது ஓடுபாதைத் திசையைவிட ஆறேழு டிகிரி தள்ளியும் இருக்கலாம், 10 நாட் குறுக்குக் காற்றுக்கு அவ்வளவு வேண்டும். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்து மைலுக்கு வெளியே திருத்தம் 5 டிகிரிக்கு மேல் வேண்டாம், இரண்டு மைலுக்கு உள்ளே 2 டிகிரிக்கு மேல் வேண்டாம். 2 டிகிரி திருப்ப விமானத்தை 15 டிகிரி சாய்க்காதீர்கள், திருப்புகிற அளவுக்குத்தான் சாய்க்க வேண்டும். முள் திரும்பி வர ஆரம்பித்ததும், அது நடுவைத் தொடக் காத்திருக்காமல், திருத்தத்தில் பாதியை எடுத்துவிடுங்கள்.

என் மாணவி ஒருத்தி, சுபாங்கில் சிமுலேட்டரில் உட்கார்ந்து, மூன்று நாள் இதே பாடு பட்டாள். 700 அடியில் முள் அரைப் புள்ளி வலது போனால் கை அப்படியே பாய்ந்துவிடும். நாலாவது நாள் நான் மஞ்சள் ஒட்டுத்தாளில் ஒரு துண்டு கிழித்து, இரண்டு மைலில் அந்தக் கருவியின்மேல் ஒட்டிவிட்டேன். “ஹெடிங் என்ன?” என்று கேட்டேன். சொன்னாள். “எவ்வளவு இறங்குகிறாய்?” அதையும் சொன்னாள். “அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டிரு, அது போதும்.” பத்து நொடி ஒன்றும் பேசவில்லை, கழுத்து நரம்பு புடைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. தாளை எடுத்தேன். இரண்டு முள்ளும் வட்டத்துக்குள் கிடந்தன. மறுபடி ஒட்டினேன், மறுபடி எடுத்தேன், கொஞ்சம் இடது, 2 டிகிரி திருத்தினாள், திரும்ப ஒட்டினேன். 200 அடி வரைக்கும் அவள் முள்ளைப் பார்த்தது மொத்தம் ஐந்தாறு முறைதான் இருக்கும். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுத் திரையிலும் ஒரு ஒட்டுத்தாள் போதும், வீட்டில் யாராவது முழித்திருந்தால் ஒட்டவும் எடுக்கவும் சொல்லுங்கள்.

அந்த 200 அடிதான் அடுத்த விஷயம். கேட் 1 என்ற அடிப்படை வகை ஐஎல்எஸ்ஸில் பொதுவாக ஓடுபாதைக்கு மேலே 200 அடி வரைக்கும்தான் முள்ளை நம்பி இறங்குவோம். அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் பட்டால் கண்ணை வெளியே கொண்டுபோய்ப் பார்த்து இறங்க வேண்டும், படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். நீங்கள் தரையைத் தொடும்வரை முள்ளிலேயே கண் வைத்திருக்கிறீர்கள், அந்த இடத்தில் படுத்த முள் எந்தப் பெரிய பைலட்டுக்கும் அடங்காது. 200 அடிக்குக் கீழே, ஓடுபாதை ஓரத்தில் இறங்கு கோணத்தைக் காட்டும் பாபி விளக்கைப் பாருங்கள், இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு. சிமுலேட்டரில் எப்போதும் வெயில் அடிக்கிற வானத்தில் பழகினால் இது பிடிபடாது. புகைமூட்டக் காலத்தில் உங்கள் பக்கத்தில் ஜெரெஜாக் தீவே தெரியாமல் போகுமே, அப்படி ஒரு நாளை வைத்துக்கொண்டு பழகுங்கள், எந்த நொடியில் தலையைத் தூக்க வேண்டும் என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

737 கோளாறு இல்லை. அந்த விமானத்தை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சாதாரணமாக லோக்கலைசரின் ஒரு புள்ளி அதில் 1 டிகிரி. ஆட்டோபைலட்டோ, எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் காட்டும் ஃபிளைட் டைரக்டரோ லோக்கலைசரைப் பிடித்து, விலகல் அரைப் புள்ளியளவுக்குக் குறைந்ததும் அளவுகோல் விரிந்துவிடும், அதற்கப்புறம் ஒரு புள்ளி அரை டிகிரி. விமானம் அதே இடத்தில் இருந்தாலும் முள் இரண்டு மடங்கு தள்ளிக் காட்டும். கொஞ்ச விலகலையும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அது விரிகிற நொடியில் ஆட்டோபைலட்டை எடுக்காதீர்கள், ஒரு மூச்சு விட்டு, ஹெடிங் எத்தனை என்று பார்த்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

செஸ்னாவில் ஒரு வாரம் ஒட்டுத்தாளோடு ஓட்டிப் பாருங்கள். ஓடுபாதை ஓரத்தில் நிறுத்திப் பார்த்தபோது முள் வட்டத்தைத் தொட்டதா இல்லையா என்பதை மட்டும் எனக்கு எழுதிவிடுங்கள், எந்த சிமுலேட்டர் என்பதையும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டு, உங்கள் ஃபைலில் அந்த எண்ணைக் குறைக்க வேண்டுமா, குறைத்தால் எவ்வளவு என்று சொல்கிறேன்.